ஏழு கோடுகள்

நுழையும்முன்

ஆண்டுதோறும் டிசம்பர் மாத நடுவில், விடிவதற்கு முன்பான வானில் எரிகற்கள் கோடு கோடாகப் பாயும். ஊர்ப்புறத்தில் வாழ்வோருக்கு அது பெரும் விருந்து. விளக்கொளி நிறைந்த மாநகரத்தில் வாழ்வோருக்கு எவ்வளவு கிட்டும்? மும்பையின் பாண்டுப் பகுதியில் வாழும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மொட்டைமாடியில் படுத்து எரிகற்களை எண்ணினாள். அவள் எண்ணியதையும், அந்த எண்ணால் அவளுக்கு நேர்ந்த தயக்கத்தையும் அவளே கூறுவதாக அமைந்தது இப்பாடம்.

எண்ணுக, எழுதுக, கொணர்க

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அரையாண்டுப் பாடங்களுக்கு இடையே ஒருநாள் எங்கள் அறிவியல் ஆசிரியர் கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதினார்: "எண்ணுக, எழுதுக, கொணர்க." எதை எண்ணுவது என்று நாங்கள் வினவினோம். "வானத்திலிருந்து விழுவனவற்றை" என்று அவர் புன்னகையுடன் விடையளித்தார்.

அவர் விளக்கியது இது. பூமி கதிரவனைச் சுற்றிவரும் பாதையில் சில இடங்களில் நுண்ணிய துகள்கள் மிகுதியாகப் பரவிக் கிடக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை வால்மீன்கள் விட்டுச் சென்றவை. பூமி அந்த இடத்தைக் கடக்கும்போது துகள்கள் காற்று மண்டலத்தினுள் பெருவிரைவுடன் நுழைகின்றன. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் அவை சூடேறி ஒளிர்ந்து அழிகின்றன. அந்த ஒளிக்கீற்றையே நாம் எரிகல் என்கிறோம். மணல் அளவுள்ள துகளே வானில் ஒரு நெடுங்கோட்டை வரைந்துவிடும். ஒரே இரவில் இத்தகைய எரிகற்கள் மிகுதியாகத் தோன்றுவது எரிகல் பொழிவு எனப்படும்.

டிசம்பர் மாதப் பொழிவுக்கு ஜெமினிட்ஸ் என்று பெயர். மிதுன விண்மீன் கூட்டத்திலிருந்து புறப்படுவதுபோல் தோன்றுவதால் அப்பெயர் பெற்றது. புறப்படும் புள்ளி, நம் முன்னோர் புனர்பூசம் என்று அழைத்த இரட்டை விண்மீன்களுள் ஒன்றின் அருகில் உள்ளது. மற்றப் பொழிவுகள் பெரும்பாலானவற்றினின்றும் இது வேறுபட்டது. இதன் தாய் வால்மீன் அன்று; ஃபேத்தான் என்னும் குறுங்கோள். 1983ஆம் ஆண்டில் ஐராஸ் என்னும் செயற்கைக்கோள் எடுத்த படங்களில் அக்குறுங்கோள் கண்டறியப்பட்டது. அது ஏறத்தாழ 1.4 ஆண்டுகளில் கதிரவனை ஒருமுறை சுற்றுகிறது. சுற்றும்போது புதன் கோளின் பாதைக்கும் உள்ளே புகுந்து, கதிரவனுக்கு ஏறத்தாழ 2.1 கோடி கிலோமீட்டர் அருகில் செல்கிறது.

"விடியலுக்கு முன் ஏன் பார்க்க வேண்டும், ஐயா?" என்று ஒருவன் கேட்டான்.

"மழையில் ஓடும் பெஸ்ட் பேருந்தை நினைத்துக்கொள். துளிகள் எந்தக் கண்ணாடியில் மிகுதியாக அறைகின்றன?"

"முன்கண்ணாடியில், ஐயா."

"நள்ளிரவுக்குப் பின் நாம் நிற்கும் இடம், பூமி ஓடும் திசையை நோக்கித் திரும்பிவிடுகிறது. நாம் முன்கண்ணாடியின் பக்கம் வந்துவிடுகிறோம். அன்றியும் மிதுனக் கூட்டம் மும்பை வானில் இரவு இரண்டரை மணியளவில் உச்சியை நெருங்கும். ஐந்து மணி வரையிலும் நல்ல உயரத்திலேயே இருக்கும். இவ்வாண்டு நிலவொளியின் இடையூறும் இல்லை. 15ஆம் நாள் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஒரு மணி நேரம் எண்ணுங்கள். திங்கட்கிழமை எண்ணிக்கையோடு வாருங்கள்" என்றார்.

ஒரு மணி நேரத்திற்கு 120 எரிகற்கள் வரை தோன்றும் என்று செய்தித்தாளில் படித்திருந்தேன். நூற்றிருபது! நிமிடத்திற்கு இரண்டு! என் குறிப்பேட்டில் கோடுகள் இடுவதற்காக இரண்டு முழுப் பக்கங்களை ஒதுக்கி வைத்தேன்.

மொட்டைமாடியில்

எங்கள் வீடு பாண்டுப் மேற்கில் உள்ளது. மேற்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் குன்றுகள் கருத்த வரையாகத் தெரியும். கிழக்கே தொடர்வண்டிப் பாதை, அதற்கப்பால் நெடுஞ்சாலை, அதற்கும் அப்பால் அலையாத்திக் காடுகளும் தாணே கழிமுகமும். இடையிலுள்ள நிலம் முழுவதும் விளக்குகள்.

என் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையில் மும்பைக்கு வந்தவர். அவர் நாள்தோறும் நான்கு மணிக்கு முன்பே எழுந்துவிடுவார். அன்று மூன்றரை மணிக்கே என்னை எழுப்பினார். பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு இருவரும் மொட்டைமாடிக்குச் சென்றோம். கைப்பேசியைக் கீழேயே வைத்துவிட்டு வருமாறு ஆசிரியர் கூறியிருந்தார். இருளுக்குக் கண் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். ஒருமுறை திரையைப் பார்த்தாலும் அப்பழக்கம் கெட்டுவிடும்.

மாடிப்படியின் மேல் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குடிநீர் வரும் நேரமாதலால், பக்கத்து வீட்டு மராத்தி அம்மா குடங்களோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் படுத்திருந்ததைக் கண்டு வியந்து, காரணம் கேட்டார். தாத்தா மராத்தியில் விளக்கினார். அவர் சற்றும் தயங்காமல் விளக்கை அணைத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே படியிறங்கினார். ஒரு விளக்கு அணைந்ததும் முன்பு தெரியாத நான்கைந்து விண்மீன்கள் எங்களுக்குத் தெரிந்தன.

"முதலில் எதுவரை தெரிகிறது என்று குறித்துக்கொள், அம்மா" என்றார் தாத்தா.

நான் குறித்தேன். தலைக்கு மேலே, சற்று வடமேற்காகப் புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்கள் நன்றாகத் தெரிந்தன. மேற்கே வேட்டைக்காரன் எனப்படும் ஓரியன் கூட்டத்தின் இடைக்கச்சை விண்மீன்கள் மூன்றும் தெரிந்தன. திருவாதிரை செந்நிறமாக ஒளிர்ந்தது. வேட்டைக்காரனின் தலையிலுள்ள மிருகசீரிட விண்மீன் மட்டும் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. அதைவிட மங்கலான எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நான்கு மணிக்கு எண்ணத் தொடங்கினோம். பத்து நிமிடங்கள் சென்றன. வானம் அசையவில்லை. பின்னர்த் திடீரென்று, யாரோ நகத்தால் கீறியதுபோல் ஒரு வெண்கோடு வடக்கே ஓடி மறைந்தது. "கண்டேன்!" என்று கூவினேன். முதற்கோடு இட்டேன்.

இரண்டாவது வருவதற்குள் கழுத்து வலித்தது. மூன்றாவது தென்பட்டபோது பாண்டுப் நிலையத்திலிருந்து தொடர்வண்டியின் ஒலி கேட்டது. நான்காவதைத் தாத்தாதான் முதலில் கண்டார். நான் திரும்புவதற்குள் அது மறைந்தது. "இதற்கும் கோடு போடட்டுமா?" என்று கேட்டேன். "நீ கண்டாயா?" என்றார். "இல்லை." "அப்படியானால் அது என் கணக்கு, உன் கணக்கில் சேராது" என்று கூறிவிட்டார்.

கிழக்கே கழிமுகத்தின் மேல் மூடியிருந்த புகைப்பனியில் விடிவெள்ளி எழுந்தது. ஐந்து மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கையில், உச்சிக்கு அருகிலிருந்து புறப்பட்ட பேரொளி ஒன்று மேற்குக் குன்றுகளை நோக்கி இறங்கியது. அது மற்றவற்றைப்போல் கண்ணிமைக்கும் நேரத்தில் மறையவில்லை, நிதானமாகச் சென்றது. மொட்டைமாடியின் தண்ணீர்த் தொட்டிகூட ஒரு கணம் துலங்கியதுபோல் எனக்குத் தோன்றியது. தாத்தாவும் நானும் பேசவில்லை.

மணி ஐந்து. குறிப்பேட்டை விளக்கருகே கொண்டுசென்று பார்த்தேன். நான்கு நெட்டைக் கோடுகள், அவற்றின் மீது ஒரு குறுக்குக்கோடு, பக்கத்தில் இன்னும் இரண்டு. ஆக, ஏழு. ஒதுக்கிய இரண்டு பக்கங்களில் ஒரு மூலை மட்டுமே நிரம்பியிருந்தது.

ஏழுக்கு முன் ஓர் எண்

அன்று பள்ளியில் வாங்கணியைப் பற்றியே பேச்சு. கல்யாணைக் கடந்து கர்ஜத் செல்லும் பாதையில் உள்ள சிற்றூர் அது. மும்பையின் வானியல் ஆர்வலர்கள் விண்மீன்களைக் காண அங்குச் செல்வது வழக்கம். ககோல் மண்டல் என்னும் அமைப்பினர் அவ்வூரில் இரவு முழுவதும் வான்நோக்கல் நிகழ்ச்சிகளை நடத்துவதுண்டு. எங்கள் வகுப்புத் தோழன் ஒருவனுடைய மாமா வீடு அங்கே இருந்தது. அவன் அங்கே தங்கி எண்ணிவிட்டு அடுத்த நாள் தொலைபேசியில் கூறினான்: "நாற்பத்தொன்று!"

நான் என் எண்ணைக் கூறவில்லை. "இன்னும் கூட்டிப் பார்க்கவில்லை" என்று சொல்லிவிட்டேன். ஏழு கோடுகளைக் கூட்டுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆசிரியரிடம் அளிக்க வேண்டிய தாளை எழுதினேன். இடம்: பாண்டுப். நேரம்: 4.00 முதல் 5.00 வரை. எண்ணிக்கை: 7. அந்த எண் மிகத் தனியாக நின்றது. நான் சோம்பேறி என்றோ உறங்கிவிட்டேன் என்றோ எல்லோரும் எண்ணிக்கொள்வார்களே என்று அஞ்சினேன். அதற்கு முன் ஓர் இடம் காலியாக இருந்தது. கரிக்கோலால் அங்கே மெல்ல ஒரு 2 எழுதினேன். 27. அது அடக்கமாகவும் நம்பத்தக்கதாகவும் தோன்றியது.

தாத்தா அருகில் வந்தார். தாளைப் பார்த்தார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"நான் துறைமுகத்தில் என்ன வேலை பார்த்தேன், தெரியுமா?"

"சரக்கு எண்ணும் வேலை, தாத்தா."

"டாலி கிளார்க் என்பார்கள். கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்கக் கோடு போட வேண்டும். நான்கு கோடு, மேலே ஒரு குறுக்குக்கோடு. நீ போட்டாயே, அதேபோலத்தான். ஒருநாள் தாளில் எண்ணூறு மூட்டை என்று இருந்தது. நான் எண்ணியது எழுநூற்றுத் தொண்ணூற்று நான்கு. மேலே இருந்தவர், 'ஆறு மூட்டைதானே, எண்ணூறு என்று எழுதிவிடு. மறுபடியும் எண்ண நேரமில்லை' என்றார். எழுதிவிட்டேன்."

அவர் சற்று நிறுத்தினார்.

"பத்து நாள் கழித்துக் கிடங்கில் ஆறு மூட்டை குறைகிறது என்று கண்டார்கள். கப்பலிலிருந்து எண்ணூறு இறங்கியதாக என் தாள் கூறியது. அப்படியானால், வழியில்தானே போயிருக்க வேண்டும்? வண்டியில் ஏற்றிய சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர்மேல் பழி விழுந்தது. அவரும் நம் பக்கத்து ஊர்க்காரர்தான். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்."

"நீங்கள் உண்மையைச் சொல்லவில்லையா, தாத்தா?"

"சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. அஞ்சினேன். மூன்று நாள் கழித்துச் சொன்னேன். அதற்குள் அவர் ஊருக்குப் போய்விட்டார். கடிதம் போட்டேன்; அவர் திரும்பி வரவில்லை. இல்லாத மூட்டைக்குப் போட்ட ஆறு கோடு, அம்மா. அதற்குப் பின் முப்பது ஆண்டு கோடு போட்டேன். காணாத மூட்டைக்கு ஒரு கோடுகூடப் போட்டதில்லை."

நான் ஒன்றும் கூறாமல் அழிப்பானை எடுத்தேன். 2 மறைந்தது, அதன் தடம் மட்டும் தாளில் சற்றே எஞ்சியது.

ஏழின் பொருள்

திங்கட்கிழமை ஆசிரியர் எண்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தார். என் முறை வந்தபோது, "ஏழு, ஐயா" என்றேன். பின்வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை.

"எந்த விண்மீன் வரை உனக்குத் தெரிந்தது?" என்று வினவினார்.

"மிருகசீரிடம் வரை, ஐயா. அதுவும் தெரிந்தும் தெரியாமலும்."

அவர் முகம் மலர்ந்தது. சுண்ணக்கட்டியால் எழுதத் தொடங்கினார்.

விண்மீன்களின் ஒளியை ஒளித்தரம் என்னும் எண்ணால் அளக்கிறார்கள். எண் கூடக்கூட ஒளி குறையும். மிக இருண்ட இடத்தில் நல்ல கண்ணுக்கு 6.5 வரை தெரியும். 120 என்னும் எண்ணிக்கை அத்தகைய வானத்திற்கே உரியது. பொழிவு புறப்படும் புள்ளியும் தலைக்கு நேர்மேலே இருக்க வேண்டும். மிருகசீரிடத்தின் ஒளித்தரம் ஏறத்தாழ 3.5. ஆகவே, பாண்டுப் வானத்தின் எல்லை 3.5. எரிகற்களுள் பேரொளி உடையன சில, மங்கலானவை பல. ஆதலால் வானத்தின் எல்லை ஒரு படி குறைந்தால், ஜெமினிட்ஸ் எரிகற்களுள் நமக்குத் தெரிவன ஏறத்தாழ 2.6 மடங்கு குறையும்.

எல்லை 6.5 — மணிக்கு 120
எல்லை 5.5 — மணிக்கு 46
எல்லை 4.5 — மணிக்கு 18
எல்லை 3.5 — மணிக்கு 7

கடைசி எண்ணை எழுதியதும் வகுப்பில் ஓசை அடங்கியது.

"வாங்கணியில் கண்ட நாற்பத்தொன்றும் உண்மை, பாண்டுப்பில் கண்ட ஏழும் உண்மை. இரு ஊர்களின் மேலும் பாய்ந்தது ஒரே பொழிவுதான். மற்றவற்றை நம் விளக்குகள் மறைத்துவிட்டன. இவள் எரிகற்களை மட்டும் எண்ணவில்லை. பாண்டுப் வானம் எவ்வளவு வெளுத்துப் போயிருக்கிறது என்பதையும் அளந்திருக்கிறாள். இருபதோ முப்பதோ என்று எழுதியிருந்தால், நம் வானம் உள்ளதைவிட இருண்டது என்று தவறாகக் கணக்கிட்டிருப்போம்" என்றார் ஆசிரியர்.

இருபது என்னும் சொல்லைக் கேட்டபோது என் காது சுட்டது. தாளில் எஞ்சியிருந்த தடத்தின்மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டேன்.

கூடலூர் கிழார் கண்ட மீன்

அன்று பிற்பகல் தமிழ் வகுப்பு. நடந்ததை அறிந்த எங்கள் தமிழாசிரியை புறநானூற்றிலிருந்து ஒரு செய்தியைக் கூறினார்.

கூடலூர் கிழார் என்னும் புலவர் பங்குனி மாதத்து இரவொன்றில் வானிலிருந்து ஒரு மீன் விழக் கண்டார். அதனைத் தீய நிமித்தமாகக் கருதி, தம் அரசன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சினார். ஏழாம் நாள் அரசன் இறந்தான். அத்துயரைப் புலவர் பாடினார். புறநானூற்றின் 229ஆம் பாடல் அது.

"எரிகல் விழுவதற்கும் அரசன் இறப்பதற்கும் தொடர்பில்லை என்பதை இன்று நாம் அறிவோம்" என்றார் ஆசிரியை. "ஆனால் அப்பாடலின் முற்பகுதியைப் பாருங்கள். எந்த மாதம், இரவின் எப்பொழுது, எந்த விண்மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எது மறைந்தது, விழுந்த மீன் எத்திசைகளிற் செல்லவில்லை என்பனவற்றையெல்லாம் புலவர் முறையாகக் கூறுகிறார். அச்சம் நெஞ்சை வாட்டியபோதும் கண்டதைக் கண்டவாறே குறித்தார். அவர் கொண்ட முடிவை நாம் ஏற்பதில்லை. அவர் கண்ட காட்சியோ இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நமக்குப் பயன்படுகிறது."

பின்னர் என் பக்கம் திரும்பி, "நீயும் நாள், நேரம், இடம், தெரிந்த விண்மீன், எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் எழுதியிருக்கிறாய். இதனையே கட்டுரையாக எழுதிக் கொண்டுவா" என்றார். அவ்வாறு எழுதியதே இது.

கட்டுரையைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். மூட்டைக் கணக்கு வந்த இடத்தில் நான் தயங்கினேன். "அதை விட்டுவிடட்டுமா, தாத்தா?" என்று கேட்டேன்.

"நடந்ததை எழுதியிருக்கிறாய். இருக்கட்டும்" என்றார் தாத்தா.

தெரிந்து தெளிவோம்

• ஆகஸ்டு மாதத்தில் தோன்றும் பெர்சீட்ஸ் பொழிவு, சுவிஃப்ட்-டட்டில் என்னும் வால்மீனின் துகள்களால் ஆனது. எரிகல் பொழிவுக்கும் வால்மீனுக்கும் உள்ள இத்தொடர்பை 1866ஆம் ஆண்டில் இத்தாலிய வானியலறிஞர் சியாப்பரெல்லி எடுத்துக்காட்டினார். மும்பையில் அது மழைக்காலம் ஆதலால் இப்பொழிவைப் பெரும்பாலும் மேகம் மறைத்துவிடும்.

• ஹாலி வால்மீனின் துகள்களால் ஆண்டுக்கு இரு பொழிவுகள் நிகழ்கின்றன: ஒன்று மே மாதத்திலும் மற்றொன்று அக்டோபர் மாதத்திலும்.

• ஜெமினிட்ஸ் துகள்கள் நொடிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் விரைவில் வருகின்றன. அவ்விரைவில் சென்றால் பாண்டுப்பிலிருந்து கல்யாணை ஒரு நொடிக்குள் அடைந்துவிடலாம்!

• முற்றும் அழியாமல் தரையை அடைவது விண்கல் எனப்படும். மகாராட்டிர மாநிலம் புல்தாணா மாவட்டத்திலுள்ள லோணார் ஏரி, பழங்காலத்தில் ஒரு பெரும் விண்கல் மோதியதால் உண்டான பள்ளம். அதன் குறுக்களவு ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர்.

• மும்பை வொர்லியில் உள்ள நேரு கோளரங்கம் 1977ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மகாராட்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தியாவின் முதல் இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

சொல்லும் பொருளும்

கொணர்க – கொண்டு வருக
கழிமுகம் – கடல்நீர் நிலத்தினுள் புகும் இடம்
அலையாத்தி – கடலோரச் சேற்றில் வளரும் மரவகை
விடிவெள்ளி – விடியுமுன் கிழக்கே தோன்றும் வெள்ளிக் கோள்
நிமித்தம் – சகுனம்
கிடங்கு – சரக்குகளைச் சேர்த்து வைக்கும் இடம்
மீன் – விண்மீன் ('மின்னுதல்' என்பதன் அடியாகப் பிறந்த சொல்)

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ஜெமினிட்ஸ் பொழிவின் தாய் ________.
(வால்மீன் / குறுங்கோள் / நிலவு)

2. கூடலூர் கிழார் மீன் விழக் கண்ட மாதம் ________.
(மார்கழி / பங்குனி / ஆடி)

3. 'எரிகல்' என்னும் சொல்லின் இலக்கணம் ________.
(வினைத்தொகை / பண்புத்தொகை / உம்மைத்தொகை)

ஆ) பிரித்து எழுதுக.

1. பேரொளி 2. கண்ணிமை 3. முதற்கோடு

இ) 'அன்று' என்பது ஒருமைக்கும் 'அல்ல' என்பது பன்மைக்கும் வரும். பொருத்தமானதைக் கொண்டு நிரப்புக.

1. இது வால்மீன் ________.
2. இவை விண்மீன்கள் ________.
3. நான் கண்ட கோடுகள் பொய்யானவை ________.
4. ஏழு என்பது இழிவான எண் ________.

ஈ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. எரிகல் என்பது யாது?
2. வான்நோக்கலின்போது கைப்பேசியைப் பார்க்கக் கூடாது என்பது ஏன்?
3. தாத்தா கண்ட எரிகல்லை மாணவி தன் கணக்கில் சேர்க்காதது ஏன்?

உ) ஐந்தாறு தொடர்களில் விடை எழுதுக.

1. எரிகற்களை விடியலுக்கு முன் காண்பது சிறந்தது என்பதை ஆசிரியர் எவ்வாறு விளக்கினார்?
2. தாத்தா எழுதிய பொய்க்கணக்கால் யாருக்கு என்ன நேர்ந்தது? அதனைத் தடுக்க அவர் எப்பொழுது என்ன செய்திருக்கலாம்?
3. கூடலூர் கிழாரின் முடிவை ஏற்காத ஆசிரியை அவர் பாடலைப் போற்றியது ஏன்?

ஊ) சிந்தனை வினா.

மாணவி 27 என்று எழுதி அளித்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. அவ்வாறாயின் அதனால் விளையும் தீங்கு யாது? உங்கள் கருத்தை எழுதுக.

எ) செயல்திட்டம்

நிலவில்லாத இரவொன்றில், பெரியவர் ஒருவரின் துணையுடன் உங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்தோ திறந்தவெளியிலிருந்தோ வானத்தைப் பாருங்கள். இருபது நிமிடங்கள் கண்ணை இருளுக்குப் பழக்குங்கள். பின்னர் ஓரியன் கூட்டத்தில் உங்களுக்குத் தெரியும் விண்மீன்களை எண்ணுங்கள். இடம், நாள், நேரம், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து, வகுப்பிலுள்ள மற்றவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். எண் எவ்வளவு சிறிதாயினும் கண்டதையே எழுதுங்கள்.